துணைவேந்தரின் கடைசி வார்த்தை

எங்கள் நிர்வாகக் கட்டடத்தில் லிஃப்ட் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பல்கலைக்கழகத்தில் குழாய் வேலை பார்த்த கணவர் திடீரென்று இறந்தபோது, குடும்பத்துக்கு ஒரு வழி வேண்டுமே என்று அக்காவுக்கு லிஃப்ட் வேலை கொடுத்தார்கள். முதல் வாரம் முழுக்க, கிராதிக் கதவை இழுத்துச் சாத்தியதுமே அவருக்கு மூச்சு முட்டும். மூன்றாம் மாடியில் இறங்கி, ஜன்னலோரம் நின்று காற்று வாங்கிவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். பிறகு பழகிவிட்டது. பதினெட்டு வருடம் அந்தப் பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே ஒரு மகனையும் ஒரு மகளையும் ஆளாக்கினார்.

நான் தரைத்தளத்தில் தபால் பிரிவில் இருக்கிறேன். லிஃப்டுக்கு நேர் எதிரே என் மேஜை. அன்று நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியை அக்கா சொல்லித்தான் தெரியும்.

துணைவேந்தர் முன்பு வேதியியல் பேராசிரியராக இருந்தவர். மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருமுறை அனுமதி வாங்காமல் மாணவர்களை மேலே அழைத்துப்போனதற்காக அக்காவை எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தார். அடுத்த வாரமே அந்த மாணவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. ஆனால் சான்றிதழுக்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் நடையாய் நடந்த கொடுமையை ஒழித்தவர் அவர்தான். காலையில் விண்ணப்பித்தால் மறுநாள் மாலை கையில் கிடைக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலைக் கல்லூரி தொடங்கினார். எங்கள் ஓட்டுநர்களில் மூன்று பேர் அங்கே படித்துப் பட்டம் வாங்கினார்கள்.

லிஃப்டில் ஏறினால் ஒரு வார்த்தையாவது பேசுவார். "ஏம்மா, இந்தக் கட்டடத்துல தெனமும் மேல போறது நீ ஒருத்திதான். மத்தவங்கல்லாம் ப்ரமோஷனுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்பார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்துவார்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஒன்பதே கால் மணி. வழக்கம்போல் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அக்கா கதவைச் சாத்தினார். லிஃப்ட் கிளம்பியது.

இரண்டாம் மாடி தாண்டும்போது, "ஃபேன் ஓடலையாம்மா?" என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஃபேன் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுது சார்."

அவர் சுவரைப் பிடிக்கக் கை நீட்டினார். பை கீழே விழுந்தது. சுவரில் சாய்ந்தபடியே வழுக்கி உட்கார்ந்தார். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து தோளைத் தாங்க, அவர் அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் பாட்டுக்கு நான்காம் மாடியைக் கடந்துபோனது. ஐந்தாம் மாடியில் கதவைத் திறந்து அக்கா அலறிய அலறல் தரைத்தளம் வரை கேட்டது. அதற்குள் அந்தப் பிடி தளர்ந்திருந்தது. அங்கே அறையில் இருந்த அவருடைய உதவியாளர் ஓடிவந்தார். அதே லிஃப்டில் கீழே இறக்கினார்கள். வளாக மருத்துவர் தோட்டத்தைக் கடந்து ஓடிவந்து மண்டியிட்டு, நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திவிட்டார்.

சற்று முன்புதான் எனக்குத் தலையாட்டிவிட்டுப் போன மனிதர். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேல போயிட்டேனே... கீழ இறக்காம மேல போயிட்டேனே..." யார் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். "கடைசியா என்ன சொன்னாரு?" என்று உதவியாளர் நாலு முறை கேட்டார். அதற்கும் அதே வாக்கியம்தான்.

எட்டாம் நாள் பெரிய அரங்கில் நினைவுக் கூட்டம். உட்கார இடமில்லாமல் படிகளில் எல்லாம் ஆட்கள். அக்காவும் நானும் கடைசி வரிசையில் இருந்தோம். பேராசிரியர்கள் பேசினார்கள், மாலைக் கல்லூரியில் படித்த ஓட்டுநர் ஒருவர் பேச முடியாமல் பாதியில் இறங்கிவிட்டார். கடைசியாகப் பதிவாளர் மைக் முன்னால் வந்தார். குரல் தழுதழுக்க, "உயிர் பிரியும் நேரத்திலும் அவர் சொன்னது என்ன தெரியுமா? 'நான் இல்லாவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது.' உடனிருந்த லிஃப்ட் ஊழியரிடம் சொன்ன கடைசி வார்த்தை அது!" என்றார்.

அரங்கமே எழுந்து நின்றது. அக்கா மட்டும் எழவில்லை. பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"அவரு அப்படிச் சொன்னாருன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே தம்பி."

"விடுங்கக்கா, நல்ல வார்த்தைதானே" என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் செய்தித்தாளில் அது கொட்டை எழுத்தில் வந்தது. அவர் நினைவாகக் கல்வெட்டு வைப்பதென்றும், அந்த வாக்கியத்தையே பொறிப்பதென்றும் முடிவானது. கண்ணில் படுகிறவர்கள் எல்லாம் அக்காவை நிறுத்தி விசாரித்தார்கள். அக்கா லிஃப்டுக்குள் தலையைக் குனிந்தபடியே மேலும் கீழும் போய்வந்தார்.

மூன்றாவது வாரம் துணைவேந்தரின் மகள், அப்பாவின் அறையைக் காலிசெய்ய வந்தாள். லிஃப்டில் ஏறியவள் ஐந்தாம் மாடி வந்தும் இறங்கவில்லை.

"அக்கா, அப்பா சொன்னதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாச் சாப்பிடுறதில்ல. 'முப்பத்தி நாலு வருஷம் கூட வாழ்ந்தேன், கடைசி மூச்சுலயும் இந்த மனுஷனுக்கு ஆபீஸ்தானா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அப்பா வேற எதுவுமே சொல்லலையா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு நல்ல வார்த்தை ஒரு வீட்டுக்குள் போய் இப்படிக் குத்தும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"அவர் வேலையைப் பத்திப் பேசவே இல்லம்மா. ஃபேன் ஓடலையான்னு கேட்டாரு. அவ்வளவுதான். சத்தியமா அவ்வளவுதான்."

அந்தப் பெண் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியாத ஒரு சத்தம் எழுப்பினாள். "வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

அன்று மாலையே அக்கா போனார். துணைவேந்தரின் மனைவி சாப்பாட்டு மேஜையில், வந்திருந்த இரங்கல் கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா. ரொம்ப நேரம் இல்ல. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"எந்தக் கை?"

அக்கா இடது கையை நீட்டினார். அந்த அம்மா மணிக்கட்டைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, வெகுநேரம் விடவே இல்லை.

இரண்டு நாளில் பதிவாளர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். வேலைக்கே உலை வைத்துவிட்டோம் என்று நடுங்கிக்கொண்டு அக்கா போனார். மேஜையில் துணைவேந்தர் மனைவியின் கடிதம் விரிந்திருந்தது. பதிவாளர் முகம் வெளுத்திருந்தது.

"நீங்க சொன்னதாத்தானே உதவியாளர் எங்கிட்ட சொன்னாரு?"

உதவியாளர் வந்து நின்றார். "சொல்லியிருப்பாருன்னுதான் சார் சொன்னேன். சொன்னாருன்னு சொல்லல" என்றார்.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் ஆயிரம் பேர் முன்னாடி பேசிட்டேனேம்மா" என்றார். அதட்டுவார் என்று போன அக்காவுக்கு, கடைசியில் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. கல்வெட்டில் பெயரும் வருடங்களும் மட்டும் போதும் என்று முடிவுசெய்தார்கள்.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. நினைவாக ஏதாவது செய்வதானால், திடீரென்று ஒருவர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஊழியர்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். கல்வெட்டைத் திறந்துவைத்த அன்று காலையில்தான் முதல் பயிற்சியும் நடந்தது. ஓட்டுநர்கள், காவலாளிகள், தோட்டக்காரர், நான், அக்கா. தரையில் இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மை. வளாக மருத்துவர் நெஞ்சில் எங்கே கை வைப்பது, எவ்வளவு ஆழம், எத்தனை முறை அழுத்துவது என்று காட்டினார்.

அக்காவின் முறை வந்தது. சிறிது நேரம் அழுத்தியவர் சட்டென்று நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"டாக்டர், அன்னிக்கு எனக்கு இது தெரிஞ்சிருந்தா?"

விதி, நேரம், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றுதான் இதுவரை எல்லோரும் அவருக்குச் சொல்லியிருந்தோம். மருத்துவர் அதைச் சொல்லவில்லை.

"தெரியலம்மா" என்றார். "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். எனக்கு உண்மையிலேயே தெரியல."

அக்கா சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "எத்தனை தடவைன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"முப்பது."

அக்கா குனிந்து, வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்.