ப்ளேனில் வந்த தாய்மாமன்

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்தும்போது, அது தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அப்பன் மடி ஆகாது, தாத்தா மடியும் ஆகாது. தாய்மாமன் வரவில்லையென்றால் மாமன் முறை உள்ள பங்காளி யாராவது உட்காருவார். காது எப்படியும் குத்தப்பட்டுவிடும். ஆனால் பிள்ளையைப் பெற்றவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று அன்றைக்கே ஊர் பேசி முடித்துவிடும்.

என் தங்கைக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். அப்பா அம்மா இருவரும் இல்லை. எங்கள் ஊர் சின்னாளப்பட்டிக்குப் பக்கம். அவளை வேடசந்தூருக்கு முன்னால் ரோட்டை விட்டு உள்ளே இருக்கும் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நான் ஹைதராபாத்தில் முறுக்குக் கடையில் வேலை பார்க்கிறேன். வளைகாப்புக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளையைக்கூட போனில்தான் பார்த்தேன். "ஒத்தப் பொறந்தவன், அவனும் போனுக்குள்ளதான் இருக்கான்" என்று அவள் மாமியார் சொன்னாராம். தங்கை இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டாள்.

காதுகுத்து ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும். ரயிலில் இடம் இல்லை. முதலாளியின் மகன் அவர் போனிலேயே காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுத் தந்தார். "காலை டிபனை மதுரையில சாப்பிடுங்கண்ணே" என்றார். ரயில் என்றால் திண்டுக்கல்லிலேயே இறக்கிவிடும். விமானம் எங்கே இறக்கும், அங்கிருந்து எப்படிப் போவது என்று நான் யோசிக்கவே இல்லை. மதுரை நமக்குத் தெரிந்த ஊர்தானே என்று இருந்துவிட்டேன்.

விமானம் புறப்பட்டதே தாமதம். மதுரைக்கு மேலே வந்த பிறகும் இறங்காமல் சுற்றியது. கீழே கண்மாய் தெரிந்தது, மறைந்தது, திரும்பவும் அதே கண்மாய் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பிள்ளைக்கு வாங்கிய கம்மல் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் கார்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தேனியா, கொடைக்கானலா, ராம்நாடா என்று ஆளுக்கு ஒரு ஊர் கேட்டார்கள். நாலு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. "பஸ்" என்று மட்டும் சொன்னேன்.

"பஸ்ஸா? அது எப்ப வரும்னு அத ஓட்டுற டிரைவருக்கே தெரியாது சார்" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். வேடசந்தூர் வரைக்கும் அவர் சொன்ன வாடகையைக் கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். விமான நிலையத்தில் துப்புரவு வேலை, சீருடைச் சேலையின்மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறார். எந்த பஸ் என்று அவரிடம் கேட்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டவுன் பஸ் வந்தது. மாட்டுத்தாவணி என்று போட்டிருந்தது. மாட்டுத்தாவணி பெரிய பஸ் நிலையம், எல்லா ஊருக்கும் வண்டி இருக்கும் என்று படியில் காலை வைத்தேன்.

"எங்கண்ணே போகணும்?" என்றார் அந்தப் பெண்.

"திண்டுக்கல்."

"அப்ப எறங்குங்க. இது ஊரச் சுத்திக்கிட்டு அந்தக் கடைசிக்குப் போகும். திண்டுக்கல் வண்டி ஆரப்பாளையத்துலதான நிக்கிது. பெரியார் பஸ் ஸ்டாண்டு வண்டி வரும், அதுல போவோம்."

இறங்கினேன். பஸ் போய்விட்டது. அதற்கப்புறம் ரோடு காலியாகவே கிடந்தது. வந்த வண்டியை விட்டுவிட்டோமே என்று அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிப் போனாலும் அந்த வண்டி போய்க்கொண்டாவது இருக்கும். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வரும்ணே, செத்த நேரம் பொறுங்க" என்றார். செத்த நேரம் என்பது எங்கள் பக்கம் எவ்வளவு நீளத்துக்கும் வரும்.

பெரியார் வண்டி வந்து ஏறி உட்கார்ந்ததும் தங்கை கூப்பிட்டாள். இறங்கிவிட்டேன், பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன், பன்னிரண்டுக்குள் வந்துவிடுவேன் என்றேன். முன் சீட்டில் இருந்த அந்தப் பெண் திரும்பினார்.

"என்ன விசேஷம்ணே?"

"தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. வேடசந்தூர் பக்கம்."

"நீங்கதான் மாமனா?"

தலையை ஆட்டினேன்.

"பன்னெண்டுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பேசிக்கொண்டே வந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். வில்லாபுரம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். "ப்ளேன்ல வந்த மாமன் டவுன் பஸ்ல ஒட்டிக்கிட்டு வந்தாருன்னா உங்க சம்பந்தக்காரவுக நம்பவா போறாக?"

பெரியார் பஸ் நிலையத்தில் அவரே ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினார். "ஏப்பா, இவர ஆரப்பாளையத்துக்கு உள்ள கொண்டுபோயி எறக்கு. வாசல்ல எறக்கிவிட்டுட்டு ஓடிராத. காதுகுத்துற மாமன்" என்றார். ஆட்டோவில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நன்றி சொல்ல நான் வாய் திறப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் வண்டி இரண்டு நின்றன. முன்னால் நின்ற வண்டியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்ற வண்டி ஒடித்துத் திருப்பி எங்களைத் தாண்டி வெளியே போனது. கண்டக்டரிடம், "அது முன்னாடி போகுதே" என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரல்.

"போகட்டும்ணே. அது ஊருக்கு ஊரு நின்னு ஆளு விசாரிச்சிட்டுப் போகும். நாம முந்திருவோம்."

சமயநல்லூரில் அந்த வண்டி நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் முந்தினோம். அதற்குப் பிறகுதான் சீட்டில் முதுகு சாய்ந்தேன். வாடிப்பட்டி வந்தபோது தங்கை திரும்பவும் கூப்பிட்டாள். குரலை அடக்கிப் பேசினாள். சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"எங்கண்ணே வார?"

"வாடிப்பட்டி."

"இன்னும் வாடிப்பட்டியா?" என்றாள். "மொட்டை போட்டாச்சு. பாப்பா அழுது அழுது தூங்கிருச்சு. பெரியண்ணன் பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு ரெடியா உக்காந்திருக்காக. நீ வரலேன்னா நான் வேணும்ல, நான் வேணும்லன்னு காலையில இருந்து நாலு பேருகிட்டச் சொல்லிட்டாக."

பெரியண்ணன் என்பது எங்கள் பெரியப்பாவின் மூத்த மகன். மாமன் சீர்த்தட்டு, பழம் எல்லாவற்றையும் எனக்காக அவர்தான் எடுத்துப் போயிருந்தார். அதற்கு அவருக்குக் கடன்பட்டவன்தான் நான். ஆனால் அப்பா காலத்தில் வாய்க்கால் தகராறில் எங்கள் வீட்டுப் படி மிதிக்காதவரும் அவர்தான். அவர் மடியில் பிள்ளை உட்கார்ந்தால், இனி என் தங்கை நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. வலது பக்கம் சிறுமலை நகராமல் நின்றது. போனில் மணி பார்க்கக்கூடாது என்று அதைப் பைக்குள் போட்டேன், உடனே எடுத்துப் பார்த்தேன். சின்னாளப்பட்டிப் பிரிவு வந்து போனது. என் சொந்த ஊருக்கு இறங்கும் இடம். இறங்காமல் தாண்டிப் போனது அன்றைக்குத்தான்.

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் கரூர் வண்டி ஒன்று நகர ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய் ஏறிவிட்டேன். டிக்கெட் கேட்டபோது தங்கை ஊர்ப் பிரிவின் பெயரைச் சொன்னேன்.

"அங்கெல்லாம் நிக்காது. வேடசந்தூர்ல எறங்கி டவுன் வண்டியப் பிடிச்சுத் திரும்பி வாங்க" என்றார் கண்டக்டர்.

வேடசந்தூர் போய்த் திரும்பி வந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பேசாமல் வேடசந்தூருக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டேன். அதுதான் என் வழக்கம். யாராவது இல்லை என்று சொல்லிவிட்டால் இரண்டாம் முறை கேட்க வராது. ஊரைத் தாண்டி நாலுவழிச் சாலையில் வண்டி வேகம் எடுத்தது. இரண்டு பக்கமும் மில்லுகள் வந்து போயின. பிரிவு வருவதற்கு முன்னால் இருக்கும் பாலம் கண்ணில் பட்டதும் எழுந்து முன்னால் போனேன். போன பிறகும் பேச்சு வரவில்லை. பாலமும் தாண்டிப் போய்விட்டது.

"நிப்பாட்டுங்க" என்றேன். டிரைவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். "தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். பன்னெண்டுக்குள்ள போகணும்."

கண்டக்டர் விசில் அடித்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னண்ணே? மாமன்னா நிக்காம போயிருவோமா?" என்றார். பிரிவைத் தாண்டி ரொம்ப தூரம் போய் வண்டி நின்றது. இறங்கி வெயிலில் திரும்பி ஓடிவந்தேன்.

பிரிவில் ஒரு வேப்பமரம், அதன் நிழலில் யாரும் இல்லை. தங்கையின் வீட்டுக்காரர் போனில் வந்தார்.

"எறங்கிட்டீகளா மச்சான்? அப்படியே நில்லுங்க. மாமன மேளத்தோட எல்லைக்கு வந்து அழைக்கணும். நீங்களா உள்ள வந்துறாதீக. மேளக்காரவுக டீ குடிக்கப் போயிருக்காக, கூட்டிட்டு வாரேன்."

மரத்தடியில் நின்றேன். அழைக்காமல் உள்ளே நுழைந்தால் எங்கள் பங்காளிகளுக்கு மரியாதைக் குறைச்சல். இதற்காகவே மாமன்மார் எல்லையில் மணிக்கணக்காக நின்று சண்டை பிடித்த கதைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. நான் இல்லாமல் போனால் தங்கைக்குக் குறைச்சல். மேளச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். பம்புசெட் ஓடும் சத்தம்தான் கேட்டது. சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம், காதுகுத்து நடக்கும் கோயில் பந்தலின் துணி தெரிந்தது. ரோட்டில் சுற்றிப் போனால் தூரம். காட்டுக்குள் போனால் எதிரே தெரிவதுதான்.

போன் அடித்தது. தங்கை. எடுத்தேன், அவள் எதுவும் பேசவில்லை. பின்னால் ஒரு ஆண் குரல் மட்டும் கேட்டது. "ஆசாரி ஊசிய எடுத்துட்டாரு, பிள்ளையக் குடு தாயி."

வரப்பில் இறங்கி நடந்தேன், பிறகு ஓடினேன். சோளத்தோகை முகத்தை அறுத்தது. சமையல் நடந்துகொண்டிருந்த பின்பக்கமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். குண்டானைக் கிண்டிக்கொண்டிருந்தவர், "யாருப்பா அது, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

பந்தலுக்குள் பெரியண்ணன் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை. ஆசாரி முன்னால் குனிந்திருந்தார். கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டேன். வழி விடுங்கள் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வந்த குரல் இங்கே வரவில்லை.

தங்கைதான் பார்த்தாள். "ஆசாரி, நில்லுங்க. எங்கண்ணன் வந்துருச்சு."

எல்லாரும் திரும்பினார்கள். பெரியண்ணன் அசையவில்லை. "வந்தான்னா எப்படி? மேளம் இல்ல, அழைப்பு இல்ல. கொல்லைப்பக்கமா வந்தவன் மாமனா? நம்ம வீட்டு மானம் என்னத்துக்கு ஆகுறது?" என்றார்.

"மானத்த அப்புறம் பாத்துக்கலாம்ணே. மணி ஆகுது" என்ற தங்கை குனிந்து பிள்ளையை அவர் மடியிலிருந்து தூக்கினாள். பெரியண்ணன் கொஞ்ச நேரம் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தார். பிறகு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். பலகை இன்னும் சூடாக இருந்தது. நான் உட்கார்ந்ததும் பிள்ளையை மடியில் வைத்தாள். பிள்ளை என்னைப் பார்த்தது. யாரென்று தெரியாமல் அழத் தயாரானது. அதற்குள் ஊசி ஒரு காதில் இறங்கிவிட்டது. இன்னொரு காதில் இறங்கும்போது அதன் பத்து விரலும் என் சட்டையில் இருந்தன.

கம்மலைப் போட்டு முடித்தபோது பன்னிரண்டு ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. அப்போதுதான் தங்கையின் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார், பின்னால் மேளக்காரர்கள். "எங்க மச்சான் போனீக? பிரிவுல ஆளக் காணோமேன்னு ஈரக்குலையே நடுங்கிருச்சு."

அவர் அம்மா, அதாவது தங்கையின் மாமியார், என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையில் சோளத்தோகை ஒட்டியிருந்தது போல. "மாமன அழைக்காம உள்ள விட்டோம்னு நாளைக்கு எங்களத்தான் பேசுவாக. திரும்பக் கூட்டிட்டுப் போயி முறையா அழைச்சிட்டு வாங்க" என்றார்.

"வேணாம் அத்தை" என்றேன்.

"உங்களக் கேக்கல."

ராகு காலம் பிறக்கப்போகிறதே என்று யாரோ இழுத்தார்கள். "குத்துறதுக்குத்தான் நேரம். கூப்பிடுறதுக்கு என்ன நேரம்?" என்றார் அத்தை.

ஆக, காது குத்தி முடித்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கழுத்தில் மாலையோடு, அதே வேப்பமரத்துக்குத் திரும்பக் கொண்டுபோகப்பட்டேன். பெரியண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாலும் முதல் சீர்த்தட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் அவரே தூக்கிக்கொண்டார். வீடியோ எடுப்பவர், "மாமா, இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குற மாதிரி நில்லுங்க" என்றார். ஒரு பஸ் தாண்டிப் போனது, அதில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். மேளம் ஆரம்பித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன்.

கோயில் வாசலில் தங்கை ஆரத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் நின்ற அவள் மாமியார் கையைக் கூப்பி, அப்போதுதான் என்னை முதலில் பார்ப்பவர் போல, "வாங்க, இப்பத்தான் வாரீகளா?" என்றார்.

"ஆமா அத்தை, இப்பத்தான்" என்றேன்.