அக்காவுக்காக நான் கீறிய தட்டுகள்

எனக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில் பனங்கொட்டை இருப்பதாக அப்பா சொல்வதுண்டு. நான் மறுத்ததில்லை. துப்பாக்கி வெடிக்கும் முன்பே குறியை உடைத்துக் காட்டிய ஒரே அறிவாளி இந்த ஜில்லாவில் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

அக்கா கல்லூரியில் மூன்றாம் வருஷம். பறக்கும் மண் தட்டைச் சுடும் போட்டி என்றால் அவளுக்குக் கிறுக்கு. நாங்குநேரிப் பக்கம் ஒரு பொட்டலில் துப்பாக்கிக் கழகத்தார் பயிற்சி கொடுத்தார்கள். தட்டை வீசும் இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால், மண்மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வளைந்த பிளாஸ்டிக் கோலால் வீசும் வேலை எனக்கு. தட்டுகள் காருக்குறிச்சிச் சூளையில் சொல்லிச் செய்தவை.

பயிற்சி ஞாயிறு மட்டும்தான். மற்ற நாட்களில் வீட்டில் துப்பாக்கி ஏது? ஒட்டடைக் கம்புதான். அதைத் தோளில் பொருத்தி, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேலேயே நுனியை ஓட்டுவாள். தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவு சுத்தமான பிள்ளையைக் கண்டதில்லை என்று தெருவே மெச்சியது. ஒட்டடை என்னவோ அப்படியேதான் இருந்தது.

இரண்டு வருஷம் இப்படி. போட்டிகளில் கடைசி இடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா தீர்ப்புச் சொன்னார்: "ஏட்டி, வார ஞாயித்துக்கிழம நானே வந்து பாக்கேன். தேறுனா மாநிலப் போட்டிக்குப் போ. இல்லன்னா இதோட விட்டுரு."

"சரிப்பா" என்று அக்கா ரசம் ஊற்றிக்கொண்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவள் சுடும் லட்சணம் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் எனக்கல்லவா தெரியும்? சனிக்கிழமை, மறுநாளுக்காக வீட்டில் கூடையில் அடுக்கியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பாக்குவெட்டியின் பின்புறத்தால் மெல்ல ஒரு போடு. கண்ணுக்குத் தெரியாத கீறல். தோட்டாவிலிருந்து சிதறும் ஒரு ரவை உரசினாலும் பொடியாகிவிடும். கை வலித்ததால் பக்கத்துப் பெட்டியிலிருந்த தட்டுகளை மட்டும் தொடவில்லை.

ஞாயிறு வந்தது. "போடு" என்றாள் அக்கா. கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வீசினேன். தட்டு புகையாகிப்போனது. இரண்டாவதும் அப்படியே. அப்பாவின் மீசை உயர்ந்தது. உற்சாகத்தில் மூன்றாவதைக் கொஞ்சம் ஓங்கி வீசிவிட்டேன். அக்கா சுடவே இல்லை. தட்டு தானாகவே வானத்தில் இரண்டாகப் பிரிந்தது. அப்பா கைதட்டிவிட்டார்.

அக்கா துப்பாக்கியை மடித்துத் தோட்டாக்களை எடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். கூடையிலிருந்து ஒரு தட்டை எடுத்து, சந்தையில் பானை வாங்குகிறவர்களைப் போல விரல் முட்டியால் சுண்டிக் காதருகே பிடித்தாள். நல்ல தட்டு 'ணங்' என்னும். இது 'பொத்' என்றது. அடுத்ததும் 'பொத்'. என்னைப் பார்த்தாள். என் நெஞ்சுக்குள்ளும் அதே சத்தம்தான்.

"அப்பா, இது கீறல் தட்டு. முத ரெண்டையும் கணக்குல வைக்காதீய."

"அதான் விழுந்துட்டுல்லா, ட்டி?"

"நா விழுத்தலப்பா."

பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து என்னிடம் தந்தாள். முதல் தட்டு தப்பியது. "அடுத்தது" என்றாள், ரேஷன் கடைக்காரர் மாதிரி. அதுவும் தப்பியது. "அடுத்தது." மேட்டுக்குப் பின்னால் நான் வானமாமலைப் பெருமாளுக்குத் தேங்காய் தேங்காயாக நேர்ந்துகொண்டிருந்தேன். அதற்கடுத்தது உடைந்தது. அதற்கும் அதே குரல்தான்: "அடுத்தது." பெட்டி காலியானபோது பாதிக்குப் பாதி தேறியிருக்கும்.

போச்சு என்று நினைத்தேன். அப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "போட்டிக்கு பஸ்ஸுல போறியா, ரயில்லயா, ட்டி?" என்றார். அப்பாவுக்குக் கணக்கு வராது என்று அன்றைக்கு முடிவு கட்டியவன், வெகுகாலம் அப்படியேதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் போட்டியில் அக்காவுக்குக் கடைசிக்கு முந்தைய இடம். திரும்பி வந்த மறுநாள் காலையில் ஒட்டடைக் கம்பு மறுபடி சுவரோரம் ஊர்ந்தது. இப்போது எங்கள் கண்ணாடி அலமாரியில் பதக்கங்களுக்கே இடமில்லை. அம்மாவின் பீங்கான் கோப்பைகள் சமையலறைக்குக் குடிபோய்விட்டன. வருகிறவர்களிடமெல்லாம் நான்தான் அவளுடைய முதல் பயிற்சியாளர் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன். போன மாதம் அவள் தங்கம் வாங்கியதும் போன் போட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நா தட்டுல கை வைக்கலன்னா அப்பா உன்ன அனுப்பிருக்கவே மாட்டாவ. மெடல்ல பாதி எனக்குத்தான்."

"கீறல் விழுந்த பாதிய எடுத்துக்கோலே."