கல்யாணத்தன்று சுற்றாத ஃபேன்

சர்க்கரை வந்த பிறகுதான் எனக்குப் பறவைகள் வந்தன. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து தையல் சரிபார்த்தவள் நான். நடை என்றாலே எரிச்சல். வேண்டாவெறுப்பாகத்தான் ஏரிக்கரைக்குப் போனேன். முதல் வாரமே ஒரு மீன்கொத்தி என்னை மடக்கிவிட்டது. காற்று திரும்பினால் தோல் வாடை வரும் ஊர் இது. இங்கே, இந்தக் கலங்கல் தண்ணீருக்கு மேலே, அப்படி ஒரு நீலத்தை ஆண்டவர் யாருக்காகப் பூசி வைத்தார்? நான் ஏறெடுத்துப் பார்க்காத வருஷங்களிலும் அது அங்கேதான் பறந்திருக்கும்.

சின்ன வயதிலிருந்து கண்ணை மூடித்தான் ஜெபம் பண்ணிப் பழக்கம். ஏரிக்கரையில் கண்ணை மூடினால் பறவை போய்விடும். அதனால் திறந்த கண்ணோடு ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன். அது கொடும், இது கொடும் என்று கேட்பதெல்லாம் மெல்லக் குறைந்து, கடைசியில் ‘ஸ்தோத்திரம் ஆண்டவரே’ என்பது மட்டும் மிஞ்சியது. “குருவி பார்க்கப் போறியா, கோயிலுக்குப் போறியா?” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ரெண்டும் ஒன்றுதான், போய் டீ போடுங்கள் என்பேன்.

போன மே மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எங்கள் சர்ச்சில் வலது பக்கம் முன்வரிசைக்கு மேலே இருக்கும் ஃபேன் ரொம்ப நாளாக ஓடவில்லை. நான்தான் நச்சரித்து எலக்ட்ரீஷியனை வரவழைத்து ரெகுலேட்டரை மாற்றவைத்தேன். “போட்டுப் பார்க்கவா?” என்று அவர் சுவிட்சில் கை வைத்தபோது ஓர் ஆண் குருவி வாயில் புழுவோடு என் தலைக்கு மேலே போனது. ஃபேன் கம்பி மேலே உத்தரத்தில் சேரும் இடத்தில் ஒரு கிண்ணம் இருக்கிறதே, அதற்குள் நுழைந்தது. உள்ளே ஒரே கீச்சு கீச்சு. குஞ்சு பொரித்திருந்தது.

“இன்னாம்மா இது, ஒரு கம்பால தட்டிட்டா வேலை முடிஞ்சிது.”

“கை வச்சிப் பாரு,” என்றேன். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

போதகரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். “பைபிள்ல சங்கீதத்துலயே குருவிங்களுக்குப் பீடத்துகிட்ட இடம் குடுத்தாச்சு. காலி பண்ணச் சொல்ல நான் யாரு? ஆனா சம்பந்தி வீட்டுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

அங்கேதான் சிக்கல். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் வலது பக்கம், பெண் வீட்டார் இடது பக்கம். அந்த வெயிலில் சம்பந்தி வீட்டை ஃபேன் இல்லாமல் உட்கார வைத்தால் ஜென்மத்துக்கும் பேச்சு ஓயாது. எனக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்தை மாற்றிவிட்டால் போச்சு. எங்கள் ஜனம் வேகட்டும், அவர்களுக்குக் காற்று கிடைக்கட்டும்.

மாப்பிள்ளையின் அம்மா பாகாயத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அளந்துதான் பேசுவார். எனக்குள்ளே அவரிடம் கொஞ்சம் பயம். போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“வலது பக்கம்தாங்க மாப்பிள்ளை வீட்டுக்கு. அதை எதுக்கு மாத்தறீங்க?”

“ஃபேன்ல குருவி குஞ்சு பொரிச்சிருக்குங்க. போட்டா தாய்க்குருவி அடிபட்டுடும்.”

“குருவிக்காகவா?” என்றார். “நாங்க எங்க பக்கத்துலயே உக்காந்துக்கிறோம்,” என்று வைத்துவிட்டார்.

மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். “எனக்குக் கல்யாணமா, குருவிக்குக் கல்யாணமாம்மா? நாளைக்கு அந்த வீட்டுல போய் வாழப்போறது நான்,” என்று அழுதுவிட்டாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கீச்சு சத்தத்தைக் கேட்ட பிறகு சுவிட்சைப் போட என் கை வராது. ஆண்டவரே, நீர் கொடுத்த பைத்தியம், நீரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி ‘போடாதே’ என்று எழுதி வைத்தேன்.

கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் வந்து வலது பக்கமே நிறைத்து உட்கார்ந்தார்கள். பட்டும் கோட்டும் நனைந்தன. ஆராதனைத் தாளை எல்லோரும் விசிறியாக ஆட்டினார்கள். எங்கள் பக்கம் ஃபேன் ஜோராகச் சுற்றியது. எனக்கோ நெருப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சம்பந்தியம்மா முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாவது பாட்டு முடிந்து பார்க்கிறேன், அவர் இடம் காலி. தண்ணீர் குடிக்கப் போயிருப்பார் என்று மனசைத் தேற்றினேன். பிரசங்கம் முடிந்தது, வரவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் கைப்பிடித்து வாக்குச் சொன்னார்கள், வரவில்லை. தாலி கட்டும்போதும் அந்த இடம் காலியாகவே இருந்தது. என் மகளின் கண் அந்த இடத்துக்குப் போய் என்னிடம் வந்தது. பெற்ற மகனின் தாலிகட்டை விட்டு ஒரு தாய் எழுந்து போகிறாள் என்றால் எவ்வளவு மனம் நொந்திருக்க வேண்டும். காலில் விழுந்தாவது கூட்டிவருவது என்று எழுந்து பின்பக்கம் போனேன்.

வாசல் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. கடைசித் தூணருகே சுவிட்சுப் பலகைக்கு முதுகைக் கொடுத்து அவர் நின்றிருந்தார், பரீட்சை நடக்கும் அறையில் நிற்பதுபோல. முகமெல்லாம் வேர்வை. நான் ஒட்டிய பிளாஸ்திரி கிழிந்து அவர் காலடியில் கிடந்தது.

“தாலி கட்டறதைப் பார்க்கலீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க ஆளுங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஃபேனைப் போட வர்றாங்க. எத்தனை பேர்கிட்ட சொல்றது? அதான் நானே நின்னுட்டேன்.” முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “என் பிள்ளையை இனி தினம் பார்க்கலாம். அந்தத் தாய்க்குருவிக்கு இருக்கிறது அந்தக் குஞ்சுங்கதானே.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் போதகர் ஆசீர்வாதம் கூற, கோயில் முழுக்கக் கண்ணை மூடித் தலை குனிந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். தாய்க்குருவி ஜன்னல் வழியாக வந்து, சுற்றாமல் நின்ற ஃபேன் இறக்கையில் உட்கார்ந்து, பிறகு கிண்ணத்துக்குள் போனது.

“ஆமென்,” என்றார் சம்பந்தியம்மா.