எதற்கும் பதில் வைத்திருந்த பல் டாக்டர்

எங்கள் டாக்டர் எந்த வாதத்திலும் தோற்றதில்லை. தோற்பதற்கான வாய்ப்பே அவருக்குக் கிடைத்ததில்லை என்பதுதான் உண்மை. அவர் பல் டாக்டர். எதிராளி நாற்காலியில் மல்லாந்து கிடப்பார். வாயில் பஞ்சு, குட்டிக் கண்ணாடி, பல்லைக் குடையும் கருவி, போதாததற்கு எச்சில் உறிஞ்சும் குழாய். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். இந்தக் கோலத்தில் கிடக்கிற ஆளிடம், "இயேசுவோட கல்லறை காலியாத்தானே இருந்துச்சு? அப்போ உடம்பை யார் எடுத்துட்டுப் போனது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டால் அவர் என்னத்தைச் சொல்வார்? "ஆங்" என்பார். டாக்டர் என்னைப் பார்த்து, "பாத்தியாம்மா, மறுத்துப் பேச முடியல" என்பார்.

பேச முடியாதுதான். மரத்துப்போக ஊசி போட்டதே அவர்தானே.

அவர் முதுகுக்குப் பின்னால் ஜனங்கள் வைத்த பெயர் பிரசங்கப் பல்லு. நேரில் யாரும் சொன்னதில்லை. கைராசிக்காரர், வலியே தெரியாமல் பிடுங்குவார், அவசரம் என்று வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. அதனால் ஜனங்கள் காதைக் கொடுத்துப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஒரு வாத்தியார் மட்டும் வாய் கொப்பளித்த கையோடு, "டாக்டர், நான் அப்போ இல்லைன்னுதான் சொல்ல வந்தேன், ஏன்னா..." என்று ஆரம்பித்தார். "இன்னொரு வாட்டி கொப்பளிங்க" என்றார் டாக்டர். கொப்பளித்து நிமிர்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று.

எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு, எரிச்சலும் உண்டு. இரண்டையும் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. என் வீட்டுச் சுவரில் முருகன் இருக்கிறார் என்பது டாக்டருக்கு நன்றாகத் தெரியும். என்னை மதம் மாறச் சொல்லி ஒருநாளும் வற்புறுத்தியதில்லை, அந்த நாகரிகம் அவரிடம் இருந்தது. ஆனால் என் முருகனிடம் நான் என்ன கண்டேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரைநாள் பேசியிருப்பேனே. அதையும் கேட்டதில்லை. சிலைக்கும் கடவுளுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்தபடியே எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். நான் கேட்காத கேள்விக்குப் பதில்.

இத்தனை பேரை ஜெயித்த மனிதருக்குச் சொந்த வீட்டில் ஒரே ஒரு ஆள் பாக்கி. அது அவர் மகள்.

டாக்டரின் மனைவி நோயில் படுத்துச் சில மாதங்களிலேயே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு மகள் சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கட்டட வரைபடம் போடுகிற அலுவலகத்தில் வேலை, தனியாக ஒரு வீடு. அப்பாவைப் பார்க்க வருவாள், சமைத்து வைப்பாள், மருந்து சாப்பிட்டாரா என்று பார்ப்பாள். சர்ச் என்று பேச்செடுத்தால் மட்டும் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அவள் அலுவலகத்து மேலாளர் கடவுள் இல்லை என்கிற ஆள். டாக்டர் பழியை அவர் தலையில் போட்டார். கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஆதாரங்களைத் தேடிப்பிடித்துத் தினமும் காலையில் மகளின் போனுக்கு அனுப்பினார். அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள். அதையும் அவர் "ஆங்" கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

நான் கருவிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அவரே சொன்னார். "சர்ச்சுல அவங்கம்மா உக்கார்ற இடம் காலியாவே இருக்கும்மா. யாரும் உக்கார மாட்டேங்கறாங்க. இவ வந்து உக்காந்தா எனக்குப் போதும். வேற எதுவும் வேணாம்." அன்றைக்கு எனக்கு அவர் மேல் எரிச்சல் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பொது நூலகத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். வேறு வேறு மதத்துக்காரர்கள் ஒரே மேடையில் உட்கார்ந்து பேசவேண்டும். முதல் கூட்டத்துக்கு சர்ச்சிலிருந்து ஒருவர், பள்ளிவாசலிலிருந்து ஒருவர். சர்ச் போதகர் சாதுவான மனிதர், வம்புதும்புக்குப் போகமாட்டார். தொண்டை சரியில்லை என்று நழுவிவிட்டு, "அதான் நம்ம டாக்டர் இருக்காரே" என்று கைகாட்டினார். பள்ளிவாசல் சார்பில் எங்களுக்கு அடுத்த கடை மூக்குக்கண்ணாடிக்காரர். டாக்டருக்குப் பல வருடப் பழக்கம். கண்ணாடிக்காரருக்குப் பற்கள் அத்தனையும் முத்துப்போல இருந்ததால் டாக்டரிடம் இதுவரை மாட்டவில்லை.

செய்தியைக் கேட்டு மகள், "நான் வரேம்பா, கேக்கறதுக்கு" என்றாள். அவ்வளவுதான், டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மகள் முன்னால் ஜெயித்துக் காட்டிவிட்டால் அடுத்த ஞாயிறே அந்தக் காலி இடம் நிரம்பிவிடும் என்று முடிவுகட்டி, பை கொள்ளாத அளவுக்குப் புத்தகம் சேர்த்தார்.

நூலகப் பொறுப்பாளர் ஒரு கண்டிப்பான அம்மா. கூட்டத்துக்கு விதி போட்டவர் அவர்தான். விதியைச் சொல்ல நேரிலேயே வந்துவிட்டார். "ஒருத்தர் பேசி முடிச்சதும் அடுத்தவர் உடனே பதில் சொல்லக் கூடாது. அவர் சொன்னதை முதல்ல உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லணும். அவர் 'ஆமா, இதைத்தான் சொன்னேன்'னு ஒத்துக்கணும். அதுக்கப்புறம்தான் உங்க பதில். ரெண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம். மணி அடிச்சா நிறுத்திடணும்."

"இதென்ன பிரமாதம்" என்றார் டாக்டர்.

அந்த அம்மா போனதும், "சரி டாக்டர், கண்ணாடிக்காரர் என்ன சொல்வாரு, சொல்லிப் பாருங்க" என்றேன்.

"இயேசு வெறும் மனுஷன்தான்னு சொல்லி மட்டம் தட்டுவாரு. வேற என்ன?"

"இதை அவர்கிட்டயே சொல்லுங்க. ஆமான்னு சொல்றாரா பாப்போம்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. மேல்கோட்டைக் கழற்றிப்போட்டு அடுத்த கடைக்கு நடந்தார். வேடிக்கை பார்க்கிற ஆசையில் நானும் கூடவே போனேன்.

கண்ணாடிக்காரர் சிரித்தபடி அவரைச் சோதனை நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் தொழில் வேறு மாதிரி. வந்தவர் வாயைத் திறந்து, இந்தக் கண்ணாடியில் தெளிவு, அதில் மங்கல் என்று சொன்னால்தான் அவருக்கு வேலை நடக்கும். டாக்டர் மூக்கில் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, இரண்டு கண்ணுக்கும் கறுப்புத் தகடு போட்டார். "கண்ணு தெரிஞ்சா நீங்க என் மூஞ்சியைப் பாத்துப் பதில் யோசிப்பீங்க. நான் முடிக்கிற வரைக்கும் காது மட்டும் போதும்."

"அப்போ நீங்க..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"வாயையும் மூடிக்குங்க டாக்டர்."

வாயைத் திற, திற என்று சொல்லியே பிழைத்த மனிதரிடம் இப்படி ஒருவர் சொன்னதைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"மட்டம் தட்டுறோம்னு யார் சொன்னது?" என்றார் கண்ணாடிக்காரர். "இயேசுவை நாங்க ஈசா நபின்னு சொல்வோம். அந்தப் பேரை மரியாதை சேர்க்காம எங்க வீட்டுல சொல்லவே மாட்டோம். அவங்கம்மா பேரைத்தான் என் தங்கச்சிக்கு வச்சிருக்கு. அவர் சிலுவையில செத்தார்னு நாங்க ஒத்துக்கறதில்லை, நிஜம்தான். அது மதிப்பில்லாம இல்லை. அல்லா தன்னோட நபியை அந்தப் பாவிங்க கையில விட்டுட்டுச் சும்மா பாத்துக்கிட்டு இருந்தான்னு நினைக்க எங்களுக்கு மனசு வரல. தனக்கு வேண்டியவங்களை அவன் கைவிட மாட்டான்னு நம்பறோம். அந்த நம்பிக்கை போச்சுன்னா எங்களால தூங்க முடியாது."

முதல் நாள் டாக்டர் நான்கைந்து தடவை குறுக்கே விழுந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாள்களிலும் போனார். ஒவ்வொரு தடவையும் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்வார், கண்ணாடிக்காரர் உதட்டைப் பிதுக்குவார். கடையடைக்கிற நேரம் வரை இது நடக்கும். இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அந்த நாள்களில் டாக்டர் நோயாளிகளிடம் பேசுவதையே விட்டுவிட்டார். சத்தமில்லாமல் குடைந்தார், அடைத்தார், போகச் சொன்னார். ஜனங்கள் பயந்துபோனார்கள். ஒரு பெண் வாசலில் என்னைத் தனியாக இழுத்து, "மறைக்காம சொல்லுங்கக்கா, என் பல்லுல ஏதாச்சும் பெரிய வியாதியா?" என்று கேட்டாள்.

கூட்டத்தன்று நூலக மண்டபம் நிறைந்துவிட்டது. சர்ச் ஜனம் ஒரு பக்கம், பள்ளிவாசல் ஜனம் ஒரு பக்கம். யாரும் சொல்லாமலே அப்படித்தான் உட்கார்ந்தார்கள். மகள் கடைசி வரிசையில் இருந்தாள். கண்ணாடிக்காரர் அளவாகப் பேசி அமர்ந்தார். டாக்டர் எழுந்தார்.

"அண்ணன் சொல்றது என்னன்னா" என்று ஆரம்பித்தவர், அந்த மனிதரின் நம்பிக்கையைத் தன் வீட்டுச் சங்கதி மாதிரி பக்குவமாகச் சொல்லிக்கொண்டே போனார். கடவுள் கைவிட மாட்டார் என்ற இடத்துக்கு வந்தபோது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஆமா. நான் சொன்னதைவிட நல்லாச் சொல்லிட்டீங்க" என்றார். அதோடு விட்டு டாக்டர் தன் பதிலுக்கு வந்திருக்கலாம். வந்தாரா? "இருங்கண்ணே, இன்னும் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லலைன்னா உங்களுக்கு அநியாயம்" என்று மேலும் தொடர்ந்தார். மணி அடித்துவிட்டது. பை நிறையப் புத்தகம் என் மடியில் திறக்காமலே கிடந்தது.

பள்ளிவாசல் பக்கம் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சர்ச் பக்கம் மயான அமைதி. சர்ச் செயலாளர் என் காதுபட, "இவரை அனுப்பினது நாமளா, அவங்களா?" என்றார். போதகருக்கு மட்டும் முகத்தில் ஒரு நிம்மதி, தான் போகாதது நல்லதாயிற்று என்று.

மண்டபம் காலியானது. நான் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். "தோத்துட்டேம்மா" என்றார். "அவ பாத்துக்கிட்டு இருக்கும்போதே தோத்துட்டேன்."

மகள் வந்து எதிரில் நின்றாள். "அப்பா, அவருக்குப் பண்ணினதை எனக்கும் பண்ணுங்க. நான் ஏன் சர்ச்சுக்கு வர்றதில்லைன்னு சொல்லுங்க. சரியா இருந்தா ஆமான்னு சொல்றேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "உங்க ஆபீஸ் மேலாளர் ஏதாவது..."

"இல்லப்பா. அவர் உண்டு, அவர் வேலை உண்டு."

"ஏதாவது புத்தகம் படிச்சியா?"

"இல்ல."

"வேற மதத்துல யாரையாவது..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் இல்லப்பா."

"அப்போ எனக்குத் தெரியலம்மா. நீயே சொல்லு" என்றார் டாக்டர். இத்தனை வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

மகள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அம்மா போன அன்னைக்கு வீடு கொள்ளாம ஆளுங்க. ஏன் இப்படி ஆச்சு, கடவுள் ஏன் இப்படிப் பண்ணிட்டாருன்னு ஒவ்வொருத்தரும் உங்ககிட்ட கேட்டாங்க. அம்மா பெட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒருத்தரை விடாம எல்லாருக்கும் பதில் சொன்னீங்க. துன்பம் எதுக்கு வருது, கடவுள் ஏன் அனுமதிக்கிறாரு, எல்லாத்துக்கும். நான் உங்ககூட உக்காந்து அழலாம்னு காத்துக்கிட்டே இருந்தேன். நீங்க பேசி முடிக்கவே இல்லை. இன்னும் முடிக்கல. தினமும் காலைல என் போனுக்கு வருது."

டாக்டர் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"சிலுவையில தொங்கினவரே ஏன் என்னைக் கைவிட்டீர்னு கேட்டாருப்பா. அவர் பதில் எதுவும் சொல்லல, கேட்டாரு. நான் அவரை விட்டுடல. சர்ச்சுல உங்க பக்கத்துல உக்காந்து உங்க பதிலைக் கேக்கத்தான் என்னால முடியல."

நான் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

விதி விதிதானே. டாக்டர் திருப்பிச் சொல்ல முயன்றார். "அம்மா போன அன்னைக்கு..." என்றார். நின்றுவிட்டது. மறுபடியும், "அன்னைக்கு உங்கம்மா..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. தோள் குலுங்கியது. நானும் அழுதேன், அதில் எனக்கென்ன வெட்கம்?

மகள் நாற்காலியை நெருக்கிப் போட்டு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாப்பா. இதைத்தான் நான் சொன்னேன்" என்றாள்.