உத்திராபதி படித்த சுவீடிஷ்

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த உத்திராபதி, ஐம்பத்தோரு வயதில் ஒரு புது மொழி படிக்க உட்கார்ந்தார். வேலைக்காக இல்லை, வெளிநாடு போவதற்காகவும் இல்லை. ஒரு பொய்யை எழுதித் தபாலில் போட்டுவிட்டு, அது போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன செய்தது என்று ஒளிந்திருந்து பார்ப்பதற்காக.

2006 ஜூன் மாதம் அந்தக் கடிதம் வந்தது. கடலூர் முதுநகரில் அவர் முன்பு குடியிருந்த வீட்டு விலாசத்துக்கு வந்ததை, பழைய பக்கத்து வீட்டுக்காரர் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் ஒரே பக்கம்.

'நான் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது சுவீடனுக்குத் தத்துப் போனவள். கடலூரில் நான் இருந்த குழந்தைகள் இல்லத்தின் பதிவேட்டில், பதினோரு நாள் குழந்தையான என்னைக் கொண்டுவந்து விட்டவர் தாய்மாமன் உத்திராபதி என்று இந்த விலாசத்தோடு இருக்கிறது. அது நீங்கள்தானா?' கீழே கெர்ஸ்டின் என்று கையெழுத்து.

அவர்தான். 1979இல் அவருடைய தங்கை சௌந்தரத்துக்குப் பதினெட்டு வயது. கல்யாணம் ஆகாமலே பிள்ளை உண்டாகி, பண்ருட்டியில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் மறைந்திருந்து பெற்றெடுத்தாள். அப்பா அம்மா இல்லாத குடும்பத்தில் எல்லாம் அண்ணன்தான். பதினோராம் நாள், குழந்தைக்கு மஞ்சக்காமாலை மாதிரி தெரிகிறது, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி, "போயிடுச்சும்மா, அங்கயே அடக்கம் பண்ணிட்டேன்" என்றார். இரண்டு வருஷம் கழித்து காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்த சின்னையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார். இரண்டு மகன்கள் பிறந்தார்கள். தங்கை வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அத்தனை வருஷமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடிதத்துக்கு அவர் எழுதிய பதில் மூன்று வரி. 'நீங்கள் தேடும் உத்திராபதி நான் இல்லை. எனக்குத் தங்கை யாரும் கிடையாது. உங்கள் முயற்சி வெற்றி பெறட்டும்.'

கடைசி வரியை ஏன் எழுதினோம் என்று பிறகு பல நாள் கூசினார்.

பதில் போட்ட பிறகு மனசு நிலைகொள்ளவில்லை. பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் முழுப்பெயரைத் தட்டிப் பார்த்தார். அவள் வாராவாரம் எழுதும் பக்கம் ஒன்று வந்தது. கடலூர் என்ற பெயர் அங்கங்கே தெரிந்தது. மற்றதெல்லாம் சுவீடிஷ். தலைக்கு மேல் புள்ளி வைத்த எழுத்துகள், வட்டம் வைத்த எழுத்துகள். ஓரத்தில் ஒரு போட்டோ. சௌந்தரத்தின் அதே அகன்ற நெற்றி.

தனக்கு ஆங்கிலத்தில் அவ்வளவு மரியாதையாக எழுதியவள், தன் பாஷையில் என்ன எழுதுகிறாள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஆரம்பப் பாடங்கள் போட்டிருந்த பக்கங்களைத் தேடிப் பிடித்து அச்செடுத்தார். நாற்பது தாள். கடையிலேயே ஸ்பைரல் போட்டு, கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஹேய் என்றால் வணக்கம். தக் என்றால் நன்றி. ஹூர் மோர் டூ, எப்படி இருக்கிறாய். டூ என்பதுதான் நீ. நீங்கள் என்று மரியாதை சொல்லத் தனியாக ஒன்றைத் தேடினார். அந்த ஊரில் பெரியவர், சின்னவர், மேலதிகாரி எல்லாருக்கும் டூதான் என்று போட்டிருந்தது. அங்கிள் என்பதற்கு மட்டும் இரண்டு சொல். அப்பாவோடு பிறந்தவன் வேறு, அம்மாவோடு பிறந்தவன் வேறு. அம்மாவோடு பிறந்தவன் மூர்ப்ரூர். ஆங்கிலத்தில் இல்லாத தாய்மாமன் அந்தப் பனிக்காட்டு பாஷையில் இருப்பான் என்று அவர் நினைக்கவே இல்லை. அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

"ஏங்க, இது இன்னா பாஷை? சதா இதையே படிக்கிறீங்க" என்று கேட்டாள் மனைவி லோகநாயகி.

"யுனிவர்சிட்டி புரொபசர் ஒருத்தரோட தீசிஸ். பைண்டிங்குக்கு வந்துது. தப்பு வரக்கூடாதுல்ல" என்றார். பொய் ஒன்றோடு நிற்குமா?

நாலு மாதத்தில் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்க வந்துவிட்டது. அவருடைய பதில் கிடைத்த நாளில் அவள் எழுதியதை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தார். 'இன்று இந்தியாவிலிருந்து பதில் வந்தது. அது அவர் இல்லை.' அவ்வளவுதான். அதோடு தேடலை விட்டிருப்பாள் என்று நினைத்தார். விடவில்லை. பிப்ரவரியில் ஒரு பக்கம் வந்தது. 'பதினோரு நாள் குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒரு தாயால் எப்படிச் சாப்பிட முடிந்தது, எப்படித் தூங்க முடிந்தது? நான் அவளைத் தேடுவது பார்ப்பதற்காக இல்லை. இதைக் கேட்பதற்காக.'

சரியாகத்தான் படித்தோமா என்று மூன்று முறை பார்த்தார். அந்தப் பதினோராம் நாளுக்குப் பிறகு சௌந்தரம் பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தது நினைவுக்கு வந்தது. ஈரத்துணியைப் பிழிந்து மார்பில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பழி தன்மேல் விழுந்திருந்தால் இன்னும் பத்து வருஷம்கூட மறைத்திருப்பார். விழுந்தது அவள்மேல்.

மறு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி காடாம்புலியூர் போனார். சின்னையன் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மகன்கள் தோப்பில் இருந்தார்கள். சௌந்தரம் வாசலில் முந்திரிக்கொட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்காரவைத்து, தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். அச்செடுத்துக்கொண்டு போன போட்டோவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அதை ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"என் கையாலதான அண்ணே தூக்கிக் குடுத்தேன்" என்றாள். "பத்திரமா இட்டுக்கினு போன்னு துண்டுல சுத்திக் குடுத்தேன். நீ போய் விட்டுட்டு வந்துட்டியா?"

"உன் நல்லதுக்குன்னு..."

"அதச் சொல்லாத." போட்டோவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "விடும்போது அழுதாளா?"

"இல்லம்மா. தூங்கிக்கினு இருந்தா."

அது உண்மை. ஆனால் சொல்லும்போது, அதையும் பொய் என்றுதான் இனி நினைப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

"அவளுக்கு எழுது. நான் குடுக்கலன்னு எழுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த மொழியின் இலக்கணம் அவரை மடக்கியது. தமிழில் வினையைச் சொன்னாலே ஆள் மாட்டிக்கொள்வான். விட்டேன், விட்டாய், விட்டாள். சுவீடிஷில் யார் செய்தாலும் வினை ஒன்றுதான், லெம்னடே. செய்தவனைத் தனியாக முன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அவனை நிறுத்தப் பிடிக்காவிட்டால் வினையின் வாலில் ஒரு ஸ் சேர்த்தால் போதும். லெம்னடெஸ். விடப்பட்டாய். ஆளே இருக்க மாட்டான். முதலில் அப்படித்தான் எழுதினார். 'நீ இல்லத்தில் விடப்பட்டாய்.' இலக்கணம் சரியாகவே இருந்தது. படித்துப் பார்க்க நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிதான் உறுத்தியது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்தார்.

'யாக் லெம்னடே. நான் விட்டேன். உன் அம்மாவுக்குத் தெரியாது. நீ இறந்துவிட்டாய் என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள். போன வருஷம் உனக்கு எழுதியதும் பொய். நான்தான் அந்த மாமன்.' மன்னிப்புக்கு அந்த மொழியில் இரண்டு சொல் உண்டு. கால் மிதித்துவிட்டால் சொல்வது ஒன்று, பெரிய குற்றத்துக்கு ஒன்று. பெரியதை எழுதப் போனவர், கேட்க என்ன யோக்கியதை என்று வெறுமனே பெயரைப் போட்டு முடித்துத் தபாலில் சேர்த்தார்.

அன்றைக்கே லோகநாயகியிடமும் சொன்னார். அவள் ஒரு வாரம் பேசவில்லை.

வருகிற தேதியை மட்டும் எழுதிவிட்டு, 2008 ஜனவரியில் கெர்ஸ்டின் வந்தாள். சிதம்பரம் லாட்ஜ் வாசலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் புரியாமல் பார்த்து, "ஷெஷ்டின்" என்று திருத்தினாள். ஒன்றரை வருஷமாக எழுத்துக்கூட்டிப் படித்த பெயரையே தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இருவரும் காரில் காடாம்புலியூர் போனார்கள்.

வீட்டில் சௌந்தரம் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "என் பிள்ளைங்களுக்கும் இங்கிலீஷ் வரும். ஆனா நீதான் சொல்லணும். நான் சொல்றத ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னார். தெரிந்த சுவீடிஷில் பாதி, ஆங்கிலத்தில் மீதி. "உன்ன நான் குடுக்கல. என்ன ஏமாத்தி வாங்கிக்கினு போனான்" என்றாள் சௌந்தரம். 'இந்த ஆள் என்னை ஏமாற்றினான்' என்று தன் வாயாலேயே சொன்னார். "இவன் மூஞ்சப் பாக்க எனக்குப் புடிக்கல." அதையும் சொன்னார். ஒரு இடத்தில் வார்த்தை கிடைக்காமல் தடுமாறியபோது கெர்ஸ்டின், "பரவாயில்லை, புரிகிறது" என்றாள். அது அவருக்காகச் சொன்னது இல்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அதற்குப் பிறகு தாயும் மகளும் ஞாயிறுதோறும் போனில் பேசிக்கொண்டார்கள். மகன்கள் மொழிபெயர்த்தார்கள். உத்திராபதியை யாரும் கூப்பிடவில்லை. அவரும் போகவில்லை.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. மறுநாள் சிதம்பரத்தில் அவருடைய செல்லில் எப்படியோ சிக்னல் இருந்தது. கெர்ஸ்டின் கூப்பிட்டாள். "அம்மா போன் கிடைக்கவில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள்" என்றாள், அவசரத்தில் சுவீடிஷிலேயே.

பஸ் இல்லை. டிவிஎஸ் ஐம்பதில் கிளம்பினார். வழி நெடுக மரங்களும் போஸ்ட்களும் சாய்ந்து கிடந்தன. பல இடங்களில் வண்டியைத் தூக்கித் தாண்டினார். காடாம்புலியூர் போய்ச் சேர சாயங்காலம் ஆனது. தோப்பில் ஒரு முந்திரிகூட நிற்கவில்லை, பலா மரங்கள் வேரோடு புரண்டிருந்தன. வீட்டு ஓடு பாதி போயிருந்தது. சௌந்தரம் நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நனைந்த நெல்லை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அவ போன் பண்ணாளா?"

"ஆமாம்மா. உன்னப் பாத்துட்டு வரச் சொன்னா. இங்க டவர் இல்ல. பண்ருட்டிப் பக்கம் போய்த்தான் பேசணும்."

அவள் நிமிர்ந்தாள். "நெத்தியில அடிபட்டிருக்குன்னும் சொல்லு. நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாத. இந்த வாட்டியாவது உள்ளத அப்படியே சொல்லு."

பண்ருட்டிக்கு முன்னால் ஒரு மேட்டில் சிக்னல் வந்தது. 'அம்மா உயிரோடு இருக்கிறாள். நெற்றியில் காயம். நடக்கிறாள், பேசுகிறாள்' என்று வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார். அந்தப் பக்கம் கெர்ஸ்டின் அழுவது கேட்டது. பிறகு கேட்டாள்: "உண்மையா?"

"உண்மை."

"அம்மா குரலைக் கேட்ட பிறகு நம்புகிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உத்திராபதி திரும்பவும் காடாம்புலியூர் வந்தார். ஆறாம் நாள் டவர் வந்து தாயும் மகளும் பேசும் வரை அங்கேயே இருந்து, மருமகன்களோடு மரம் அறுத்தார். இரு என்றும் சௌந்தரம் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.