செல்வதாஸ் மாமா செய்த வெப்சைட்

செல்வதாஸ் மாமா முதல் நாள் வகுப்புக்குள் வந்தபோது பையன்கள் எழுந்து நின்று 'குட்மார்னிங் சார்' என்றார்கள். புது வாத்தியார் என்று நினைத்துவிட்டார்கள். மாமா கையைக் கூப்பி, "இரிங்க மக்களே, நானும் படிக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர், எதனால் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அருமனைப் பக்கம் தென்னை ஏறிக்கொண்டிருந்தவர். போன மழைக்காலத்தில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். அதன்பிறகு மரம் ஏற முடியாது, சுமக்க முடியாது, அதிக நேரம் நிற்கவும் முடியாது. இந்த ஊரில் உட்கார்ந்து செய்கிற வேலை யாருக்குக் கிடைக்கிறது? அப்போதுதான் குழித்துறைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வெப்சைட் செய்யக் கற்றுத்தரும் ஒரு வருடப் படிப்பு, வயது வரம்பு கிடையாது என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார்.

பாவம், பட்ட பாடு கொஞ்சமல்ல. அரிவாள் பிடித்த விரல்களுக்குக் கீபோர்டின் ஒரு கட்டையை மட்டும் அழுத்தத் தெரியவில்லை. எங்கேயோ ஒரு புள்ளி விட்டுப்போகும், திரை வெள்ளையாக நிற்கும். எங்கள் சார் வேறு வாய் சும்மா இருக்காதவர். "தேங்கா பறிக்கது மாதிரி இல்ல ஓய் இது" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். மாமா தலையைக் குனிந்துகொண்டு திரும்பவும் முதலிலிருந்து அடிப்பார். "ஒண்ணும் மனசிலாவல்ல மக்கா, ஆனா இத விட்டா எனக்கு வேற கெதி இல்ல" என்று என்னிடம் மெதுவாகச் சொல்வார்.

உண்மையிலேயே வேறு கதி இல்லை. மாமாவின் மனைவி பெமிலா மாமி அண்டியாபீசில் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குவைத்தில் ஒரு வீட்டில் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு விசா தயாராகிக்கொண்டிருந்தது. போனால் இரண்டு வருடம் திரும்ப முடியாது. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அம்மாவின் சேலை நுனியைப் பிடிக்காமல் தூங்கமாட்டாள். "எனக்கு மட்டும் போவ ஆசையா? இவியளுக்கு ஒரு வேல நெலச்சா நான் எதுக்குப் போறேன்" என்று மாமி என் அம்மாவிடம் சொல்லி அழுததைக் கேட்டிருக்கிறேன். மாமாவுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் உண்மையான ஒரு கடைக்கோ நிறுவனத்துக்கோ வெப்சைட் செய்துகொடுக்க வேண்டும். நாங்களெல்லாம் சித்தப்பன் பேக்கரி, அத்தான் ஜவுளிக்கடை என்று ஒப்பேற்றினோம். மாமா மட்டும் ரசலையன் ஸ்டூடியோவைப் பிடித்தார். கல்யாணமானாலும் அடக்கமானாலும் கேமரா வைத்து நேரலையாக அனுப்புவது ரசலையனின் தொழில். எங்கள் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு கிடையாது. லீவு கிடைக்காதவர்கள் அங்கிருந்தே போனில் பார்த்துத் தாலி கட்டுவதற்கும் அழுவார்கள், பெட்டி மூடுவதற்கும் அழுவார்கள்.

"எனக்குச் சொந்தமா ஒரு சைட்டு வேணும். பாக்க வாறவன் பேரும் நம்பரும் போட்டாத்தான் உள்ள விடணும். பொறவு நமக்கு ஆள் பிடிக்க ஒதவும்லா. நல்லா ஓடிச்சுன்னா நீரே எனக்க கடையில வேலைக்கு இரும்" என்று ரசலையன் சொன்னார். மாமா அன்று கல்லூரியிலிருந்து வீடுவரை பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

போன் நம்பருக்கான கட்டத்தைச் சார் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார். பத்து எண் இருந்தால் உள்ளே விடு, கூடினாலும் குறைந்தாலும் 'சரியான எண்ணைக் கொடுக்கவும்' என்று காட்டு. மாமா அதைப் பிசகாமல் செய்தார். என் நம்பர், மாமி நம்பர், சார் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கதவு திறந்தது. சார் முதல்தடவையாக "கொள்ளாம்" என்று பாராட்டினார்.

முதல் வேலையாக யோவான் வாத்தியாரின் அடக்கம் வந்தது. மனுசர் நன்றாக வாழ்ந்தவர். ஒரே மகன் எபிசன் குவைத்தில் இருந்தான், கம்பெனி விடவில்லை. மாமா கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் பார்த்துக்கொண்டே இருந்தார். படம் தெளிவாக ஓடியது. பாட்டு ஓடியது, ஜெபம் ஓடியது. கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள், எல்லாரும் பார்த்தார்கள். பெட்டியை மூடினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். இடுப்பு வலி தெரியாத ஆள்போல மாமா நிமிர்ந்து நின்றார்.

கல்லறையிலிருந்து திரும்பியபிறகுதான் எபிசனின் அம்மா போனை எடுத்துப் பார்த்தாள். அவன் அழைத்து அழைத்து ஓய்ந்திருந்தான். குவைத் நம்பருக்கு எட்டு எண். நாட்டு எண்ணையும் சேர்த்தால் பதினொன்று. எப்படிப் போட்டாலும் பத்து வராது. 'சரியான எண்ணைக் கொடுக்கவும்', 'சரியான எண்ணைக் கொடுக்கவும்' என்றே வந்திருக்கிறது. ஏதாவது பத்து எண்ணைத் தட்டியிருக்கலாமே என்று பிறகு ஊரில் பலர் புத்தி சொன்னார்கள். அப்பன் பெட்டியில் கிடக்கும்போது யாருக்கையா அந்தப் புத்தி வரும்?

வளைகுடாக்காரனுக்காகவே செய்த சைட். அதில் வளைகுடாக்காரன் மட்டும் நுழைய முடியவில்லை. சொல்லித்தந்த சாருக்கும் தோன்றவில்லை, கேட்டு வாங்கிய ரசலையனுக்கும் தோன்றவில்லை. ஆனால் அடி விழுந்தது ஒருவருக்குத்தான். "எனக்க பேரக் கெடுத்துட்டீரே, இனி இந்தப் பக்கம் வராதயும்" என்று ரசலையன் வாத்தியார் வீட்டு முற்றத்திலேயே சத்தம் போட்டார்.

மறுநாள் எபிசன் மாமாவை போனில் அழைத்தான். மாமா எடுத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ரெக்கார்டு அனுப்பியிருக்காவ. எனக்குப் பாக்க மனசு வரல்ல. அடக்கம் கழிஞ்சில்லா போச்சு. நீங்க பக்கத்துல நின்னியளாமே. அப்பாவுக்க மொகம் எப்படி இருந்து?" என்று கேட்டான்.

மாமா சொன்னார். மீசையை ஒதுக்கிவிட்டிருந்ததை, நெற்றியில் அம்மா முத்தம் கொடுத்ததை, கண்ணாடியைப் போட்டே படுக்கவைத்திருந்ததை, எல்லாவற்றையும் சொன்னார். போனை வைத்ததும் மாமா சுவரில் சாய்ந்துகொண்டார். "ஒருத்தனுக்கு அப்பன இல்லாம ஆக்கிப்போட்டேனே மக்கா" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பெமிலா மாமிக்கு விசா வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறப்போகும் அன்று காலையில் மகள் மாமியின் காலைக் கட்டிக்கொண்டாள். என் அம்மாதான் பிரித்து எடுத்தாள். காரில் ஏறும்முன் மாமி, உடம்புக்கு முடியாமல் கிடக்கும் தன் அம்மையை நினைத்தோ என்னவோ, மாமாவிடம் கேட்டாள். "எனக்க அம்மைக்கு வல்லதும் ஆச்சுன்னா நான் அங்கயிருந்து பாக்க ஒக்குமா?"

குத்திக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். மாமா கார்க் கதவைத் திறந்துவிட்டார். கார் போய்விட்டது.

அடுத்த வாரம் மாமா வகுப்புக்கு வந்தார். இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். பழைய வேலையைத் திறந்து அந்த நம்பர் கட்டத்தைத் திருத்த உட்கார்ந்தார். நான் உதவட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். மதியம்வரை அழிப்பதும் அடிப்பதுமாக இருந்தார். பிறகு மாமி முந்தின நாள் அனுப்பியிருந்த குவைத் நம்பரைப் போனில் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடித்தார்.

உள்ளே விட்டது. அத்தனை பேருக்கும் முன்னால் மாமா வாய்விட்டு அழுதார். யாரும் சிரிக்கவில்லை.