மூன்று ஏஸைக் கவிழ்த்துப் போட்டவர்

போனில் சீட்டாடுகிறவர்களில் யார் திருடன் என்று, முகத்தைக்கூடப் பார்க்காமல் கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. அரியாங்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் ஆபீஸ். போக்கர் ஆப் ஒன்றின் தமிழ்ப் புகார்ப் பிரிவு. நான், ஜெயக்குமார் என்ற சகா, பெங்களூரிலிருந்து வீடியோவில் மட்டும் தலைகாட்டும் மேலாளர், அவ்வளவுதான் கூட்டம். பணம் வைத்து ஆடும் ஆப்களைச் சட்டம் போட்டு நிறுத்தியபோது எங்கள் மாடியும் காலியானது. கஸ்டமர் கேரில் உட்கார்ந்து, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டே தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

போக்கரில் ஒவ்வொருவரும் தனக்காக மட்டும்தான் ஆட வேண்டும். ரெண்டு பேர் கூட்டு சேர்ந்து ஒரே டேபிளில் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தலையில் துண்டுதான். பிடிபட்டால் இருவருக்கும் நிரந்தரத் தடை. விதியாகப் படிக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

நீங்கள் மனிதர்தானா?

பாகூர் முருகையன் காலை ஒன்பது மணிக்கு ஆட உட்கார்ந்தால் நாலு மணி வரை எழுந்திருக்க மாட்டார். தப்பாமல் ஒரே வேகத்தில் ஆடுவார். கம்ப்யூட்டர் அவர் பெயரைச் சிவப்பில் காட்டி, 'ரோபோவாக இருக்கலாம்' என்றது. ஆளுக்குப் பதில் மென்பொருளை ஆடவிடுவதும் எங்களிடம் குற்றம். அதனால் போன் போட்டு, ஆள் மனிதர்தானா என்று விசாரிக்க வேண்டும். அதற்கென்று ஒரு கேள்வித்தாளே கொடுத்திருந்தார்கள்.

எடுத்ததும் மோட்டார் சத்தம் காதைக் கிழித்தது. கரும்புக்குத் தண்ணீர் பாய்கிறது, கரண்ட் போய்ப் போய் வருகிறது, கொட்டகையை விட்டு நகர முடியவில்லை, அதனால் ஆடுகிறார். "சார், நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்ய..." என்று நான் தாளைப் பார்த்து வாசித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் பொரிந்து தள்ளிவிட்டார். "இன்னா கேள்விம்மா இது? நா ரோபோவா இருந்தா இந்நேரம் ரெண்டு காணி கரும்புக்குக் காஞ்ச சோகைய உரிச்சிட்டு வந்திருப்பேன். ஒழுங்கா ஆடறவன வுட்டுட்டு, என் டேபிள்ல ரெண்டு பேரு கூட்டு சேந்துக்கினு அடிக்கிறானுங்களே, மொதல்ல அவனுங்களப் புடி!"

சுவருக்கு ரெண்டு பக்கமும்

தேடினேன், கிடைத்தார்கள். கரையாம்புத்தூரில் ஒரே வீடு, ஒரே வைஃபை, ரெண்டு ஐடி. அண்ணன் ஏகாம்பரம், தம்பி தணிகாசலம். மூன்று மாதமாக ஒரே டேபிளில் ஆடியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் இருவருக்கும் நிரந்தரத் தடை போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். முருகையனுக்கு ஒரு போனாவது போட்டேன், இவர்களுக்கு அதுவும் இல்லை. அது என் தப்பு, மறைக்கவில்லை.

ரெண்டாவது கவளம் இறங்குவதற்குள் தம்பியின் போன் வந்துவிட்டது. "கூட்டா? அந்த ஆளோடயா?" என்று கத்தினார். பாகம் பிரித்து நாலு வருஷம் ஆகிறதாம். வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பியாயிற்று. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. வைஃபை பெட்டி அண்ணன் பக்கம் இருக்கிறது, பழைய பாஸ்வேர்டை அவர் மாற்றவில்லை, இவரும் கேட்கவில்லை. இவர் ஆடுவது சொந்தப் பெயரில். அண்ணன் தன் டிராக்டர் நம்பரையே ஆப்பில் பெயராக வைத்திருப்பதால் இவருக்கு ஆளைத் தெரியும். தெரிந்துதான், தேடிப் போய் அதே டேபிளில் உட்காருகிறார்.

ஜென்மப் பகையாளிகள் எப்படிக் கூட்டு சேர முடியும்? எனக்கு அந்த நியாயம் சரியாகப் பட்டது. இருவரையும் விடுவித்தேன். தப்பாகத் தடை போட்டதற்கு மேலாளர் எனக்கு ஒரு மெமோ அனுப்பினார். தம்பி நன்றிகூடச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "அந்த ஆள ஜெயிக்கிறது ஒண்ணுதான் மேடம் எனக்கு இருக்கற சந்தோஷம். அதுல கை வெக்காதீங்க."

கவிழ்ந்த சீட்டு

நாலு நாள் கழித்து முருகையன் மறுபடி அழைத்தார். மரியாதையெல்லாம் மோட்டார் கொட்டகையோடு போய்விட்டிருந்தது. "மறுபடி வந்து குந்திக்கினானுங்களே, வுட்டுட்டியா ரெண்டு பேரையும்? நீ இன்னாத்துக்கு அங்க உக்காந்துனு கீற?" சுருக்கென்று தைத்தது. இந்தத் தடவை மூன்று மாத ஆட்டத்தையும் வரிசையாகத் திறந்தேன்.

போக்கரில் 'ஃபோல்டு' என்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவது. ஒதுங்கியவர் கையில் என்ன இருந்தது என்று டேபிளில் யாருக்கும் தெரியாது, எங்கள் திரையில் மட்டும் தெரியும். அண்ணன் மற்றவர்களிடம் புலியாகப் பாய்ந்தார். பந்தயத்தை ஏற்றி ஏற்றி முருகையனை விரட்டினார். கடைசியில் தம்பி மட்டும் எதிரில் நின்றால் சட்டென்று ஃபோல்டு. ஒரு ஆட்டத்தில் அண்ணனிடம் ஜோடி ஏஸ், எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரித்த சீட்டில் இன்னொரு ஏஸ். தம்பி கையில் வெறும் ரெண்டு ஏழு. அண்ணன் மூன்று ஏஸ் சேர்ந்த, ஜெயிக்கிற கையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒதுங்கியிருந்தார். இது ஒரு தடவை இல்லை, இருபத்தாறு தடவை.

விடுவித்தவள் நான்தானே! முருகையன் சொன்னது உண்மை, அவர் நிஜமாகவே ஏமாற்றப்பட்டிருக்கிறார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஜெயக்குமார் மெதுவாகச் சொன்னான்: "இதுக்குப் பேரு கூட்டு இல்லக்கா. தம்பிக்காரனுக்கு இது தெரியவே தெரியாது."

அண்ணன் கேட்டது

அண்ணனுக்கு நானே போன் போட்டு, மூன்று ஏஸை ஏன் கவிழ்த்தீர்கள் என்று கேட்டேன். மறுப்பார், கத்துவார், சண்டைக்கு வருவார் என்று தயாராக இருந்தேன். "ஆமாம்மா, வேணும்னுதான் போட்டேன்" என்றார். அவ்வளவுதான். மற்ற ஆட்டக்காரர்களுக்கு இதனால் நஷ்டம் என்றேன். அதற்கும் "ஆமா, தப்புதான்" என்றார். ஒப்புக்கொள்கிற திருடனிடம் எப்படிப் பேசுவது என்று என் கேள்வித்தாளில் இல்லை.

அவர் கவலையெல்லாம் வேறு. ஆட்டத்தை ரத்து செய்தால், கவிழ்த்த சீட்டுகளைப் படம் பிடித்து எதிராளிக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார். அதுதான் விதி என்றேன். அவர் குரல் இறங்கிவிட்டது: "எனக்கு இன்னா தண்டன வேணா குடும்மா. அவனுக்கு மட்டும் அதக் காட்டாத. ஜெயிச்ச அன்னிக்கி அவன் சிரிக்கிறது செவுத்துக்கு இந்தாண்ட எனக்குக் கேக்குது."

அஞ்சு மணிக்குள்

மேலாளர் கறாராக இருந்தார். இருவருக்கும் நிரந்தரத் தடை, அஞ்சு மணிக்குள். தம்பிக்குத் தெரியாது என்றேன். ஜெயித்தவன் எவனும் அப்படித்தான் சொல்வான் என்றார். திரையைப் பகிர்ந்து ஒவ்வொரு ஆட்டமாகக் காட்டினேன். கையில் குப்பைச் சீட்டு இருந்தபோதெல்லாம் தம்பி, அண்ணனுக்குப் பயந்து தானே ஒதுங்கியிருக்கிறார். அண்ணன் விட்டுக்கொடுப்பார் என்று தெரிந்தவன் எதற்குப் பயப்பட வேண்டும்? மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, தம்பிக்குத் தண்டனை இல்லை என்றார்.

அண்ணனுக்கு நிரந்தரத் தடை. முருகையன் இழந்தது அவருக்கே திரும்பும். தம்பியின் இருபத்தாறு வெற்றியும் ரத்து. சீட்டுகளை மட்டும் அனுப்ப வேண்டாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஆதாரம் காட்டாம யாரோட வெற்றியையும் ரத்து பண்ணக் கூடாதுன்னு மீட்டிங்குக்கு மீட்டிங் கத்தினது நீங்கதானே?" என்றார் மேலாளர். நான்தான். இப்போதும் அது சரியென்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த முன்கோபக்காரர் சீட்டைப் பார்த்ததும் மண்வெட்டியோடு சுவரேறிக் குதித்தால் யார் பதில் சொல்வது? அஞ்சுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

அஞ்சு பத்துக்குத் தம்பியின் போன் வந்தது. எடுக்கப் பயமாக இருந்தது. ஜெயக்குமார்தான் ஸ்பீக்கரில் போட்டான். கத்தல் எதுவும் இல்லை. "அந்த மூணு ஏஸு நெஜமாவே அவருக்கு இருந்துதா மேடம்?" என்றார். இருந்தது என்றேன். பிறகு சொன்னார்: "பாகம் பிரிச்ச அன்னிக்கி, போர் கெணறு போட்ட நெலம் எனக்குத்தான் வேணும்னு நா சண்ட கட்டினேன். அவரு ஒரு வார்த்த பேசாம துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு எழுந்து போயிட்டாரு. நாந்தான் அவர ஜெயிச்சேன்னு நாலு வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன் மேடம்."

அந்த கேஸை மூடும் படிவத்தில் யார் ஏமாற்றினார், யார் ஏமாந்தார் என்று எழுத இடம் விட்டிருந்த கம்பெனி, யார் ஜெயித்தார் என்று எழுத மட்டும் இடம் விடாததற்கு இன்றுவரை நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.